கறுத்தக் கோட்டுக் கேஸ்

ஜெனீவாவிலை நான் வேலை செய்த ஹோட்டலிலை ஒரு அமெரிக்கன் ரெண்டு வருசத்துக்குக் கிட்டத் தங்கியிருந்தவர். அவருக்கு மேலை, ஏரியைப் பார்த்த பெரிய அறை. எனக்குக் கீழை, நிலத்துக்கு அடியிலை லோண்ட்றி. அவர் அமெரிக்காவின்ரை தூதர், மற்ற நாடுகளோடை வரி பேச வந்தவர். நான் யாழ்ப்பாணத்திலை ஒரு அப்புக்காத்திட்டைக் கிளாக்கராய் இருந்திட்டு, எண்பதுகளின்ரை நடுவிலை அசூல், அதுதான் அகதித் தஞ்சம், கேட்டு வந்து, ஊர் உலகத்தின்ரை படுக்கை விரிப்பெல்லாம் தோய்ச்சுக் கொண்டிருந்தவன். எங்கடை ஊரிலை லோயரை அப்புக்காத்து எண்டுதான் சொல்லுறது. இந்த மனிசனும் ஆதியிலை லோயர் எண்டு அறிஞ்ச நாளிலை இருந்து நான் அவருக்கு வைச்ச பேர் அமெரிக்கன் அப்புக்காத்து.

முதல் சந்திப்பே சண்டை. ஒரு நாள் பின்னேரம் அந்த ஆறடி மனிசன் தானே படியாலை லோண்ட்றிக்கு இறங்கி வந்து, சேட்டுக் கொலர் விறைப்பாய் இல்லை எண்டு கத்தினார். அண்டைக்கு எனக்குக் காலமை தொடக்கம் விசர். நான் இங்கிலீசிலை சொன்னன்: “சேர், கொலருக்கு நான் போட்ட கஞ்சியிலை ஒரு கப்பலையே நிமித்தலாம். கழுத்து வளைஞ்சால் நான் என்ன செய்யிறது?” மனிசன் சிரிச்சார் பாருங்கோ, மெசினின்ரை சத்தத்துக்கு மேலாலை கேட்டுது. எங்கை இங்கிலீசு படிச்சனி எண்டு கேட்டார். நீதிமன்றத்திலை எண்டன். குற்றவாளியாயோ எண்டார். சீ, கிளாக்கராய் எண்டன். அண்டையிலை இருந்து அவரின்ரை சேட்டுகளை நான்தான் மேலை கொண்டு போய்க் குடுக்க வேணும் எண்டு கட்டளை.

அவரிட்டைப் பன்ரெண்டு வெள்ளைச் சேட்டு, எல்லாம் ஒரே மாதிரி. எதிராளிக்கு முன்னாலை வியர்வை தெரியக் கூடாதாம், தெரிஞ்சால் வரியைக் கூட்டிப் போடுவாங்களாம். ஒரு நாளைக்கு ஒரு சேட்டுக் கீழை வந்தால் பேச்சுவார்த்தை நல்லாப் போகுது. ரெண்டு வந்தால் இழுபறி. மூண்டு வந்தால் ஆரோ மேசையிலை அடிச்சுப்போட்டு எழும்பிப் போயிட்டினம். உலக வர்த்தகம் எப்பிடிப் போகுது எண்டு பேப்பர்காரனுக்கு முதல் எனக்குத் தெரியும். அப்பிடி என்ன பேசுறியள் சேர் எண்டு ஒரு நாள் கேட்டன். ஒரேஞ் எண்டார், எங்கடை தோடம்பழம். நான் பகிடி எண்டு நினைச்சன். பகிடி இல்லை, தோடம்பழத்தின்ரை வரிதான். ரெண்டு பக்கமும் முப்பது முப்பது பேர், கோட்டும் சூட்டும் போட்டு, தோலோடை இருக்கிற பழத்துக்கு ஒரு வரியோ, உரிச்ச பழத்துக்கு வேறை வரியோ எண்டு மாசக்கணக்காய் அடிபட்டுக் கொண்டிருந்தவை.

தன்ரை சரித்திரத்தை அவர் எனக்குத் தவணை தவணையாய்ச் சொன்னவர், ஒரு சேட்டுக்கு ஒரு துண்டு. அவர் இங்கிலீசிலை சொன்னதை நான் எங்கடை கதையிலை சொல்லுறன்.

அவரின்ரை ஊர் ஒரு சோளக்காட்டு ஊர். தகப்பன் தலைமயிர் வெட்டுறவர். இவர் சட்டம் படிச்சு, சப்பாத்துக் கடைக்கு மேலை ஒரு அறை எடுத்து, ஒரு கூட்டாளியோடை சேர்ந்து பெயர்ப்பலகை தொங்க விட்டார். முதல் வழக்குப் பண்டி வழக்கு. ஒரு பணக்காரக் கமக்காரன் வளர்த்த பண்டி பாதிரியாரின்ரை பூசணித் தோட்டத்தை உழுது போட்டுது. இவர் பண்டிக்காரனின்ரை பக்கம். விசாரணை நாளிலை என்ன செய்தார் தெரியுமோ? நீதிமன்ற வளவுக்குள்ளை ஆறு பண்டியைக் கொண்டு வந்து நிரைக்கு நிப்பாட்டினார். “பாதிரியாரே, கடவுளுக்குப் பொதுவாய்ச் சொல்லும், இதிலை எது அந்தப் பண்டி?” பாதிரியார் சுத்திச் சுத்திப் பார்த்து ஒண்டைக் காட்டினார். அது நீதவானின்ரை பண்டி.

ஐயோ, நான் சிரிச்ச சிரிப்பிலை அடுக்கின சேட்டெல்லாம் கட்டிலிலை விழுந்து போச்சு. எங்கடை அப்புக்காத்து ஐயா அங்கை இருந்திருந்தால் எழும்பி நிண்டு கை குடுத்திருப்பார்.

அந்தப் பண்டிக்காரன் லேசுப்பட்ட ஆள் இல்லை, கட்சிக்குப் பின்னாலை நிண்டு கயிறு இழுக்கிறவன். கொஞ்சக் காலத்தாலை மாநிலத்துக்கு ஒரு ஆளுநரை உண்டாக்க வேணும் எண்டு வெளிக்கிட்டான். கடைசியிலை ஒரு காப்புறுதி விக்கிற மனிசனைப் பிடிச்சு வேட்பாளராக்கினவை. ஆள் நல்ல வடிவு, நல்ல குரல், ஆனால் ஆரின்ரை பேரும் மண்டையிலை நிக்காது. எங்கடை அமெரிக்கன் அப்புக்காத்துக்கு வேலை என்னெண்டால், ஒரு அடி பின்னாலை நடந்து காதுக்குள்ளை சொல்லிக் குடுக்கிறது. “இவர் பால்காரர், மனிசிக்கு முழங்கால் வருத்தம்.” உடனை வேட்பாளர் பால்காரரின்ரை கையைப் பிடிச்சு, “உங்கடை மனிசிக்கு முழங்கால் இப்ப எப்பிடி?” எண்டுவார். பால்காரர் உருகிப் போயிடுவார். ஒரு இடத்திலை இவர் ஆளை மாறிச் சொல்லி, செத்துப் போன மனிசியின்ரை முழங்காலை விசாரிச்சு, அந்த ஊர் முழுக்க எதிராய் வாக்குப் போட்டதாம். எண்டாலும் வெண்டிட்டினம்.

வெண்டவர் வளர்ந்து நாட்டுக்கே பெரியவராய்த் தலைநகரத்துக்குப் போக, இவரும் பின்னாலை போனார். அங்கை இவருக்குப் பெரியவரின்ரை அறைக்கு முன்னறை. ஆரை உள்ளை விடுறது, ஆரைக் கோப்பியைக் குடுத்துத் திருப்பி அனுப்புறது எண்டு இவர்தான் தீர்மானிக்கிறது. அமைச்சர்மார் வந்து இவரின்ரை மேசையிலை இருக்கிற பேனையளைத் திருப்பித் திருப்பி அடுக்கிக் கொண்டு நிப்பினமாம். பிறகு ஏன் சேர் இஞ்சை வந்தனியள் எண்டு கேட்டன். “பெரியவரின்ரை மனிசிக்கு என்னைப் பிடிக்கேல்லை. அப்பிடி ஆக்களைத் தூதராக்கிறது எங்கடை நாட்டு வழக்கம்” எண்டார். அதைச் சொல்லேக்கை முகத்திலை ஒரு சிரிப்பு, நான் அதிலை மயங்கிப் போனன். நானும் ஒரு அடி பின்னாலை நடந்தவன்தானே, ஐயாவின்ரை வழக்குக் கட்டுகளைத் தூக்கிக் கொண்டு. எனக்கு ஆர் தூதர் வேலை தந்தது?

இனி என்ரை கதைக்கு வாறன். என்ரை மனிசியும் ஏழு வயசு மகளும் ஊரிலை நிண்டவை. எனக்கு அசூல் கிடைச்சு பெர்மி எண்ட வதிவிட அனுமதி கையிலை வந்தால்தான் அவையைக் கூப்பிடலாம். கிடைக்காட்டி என்னையும் ஏத்தி அனுப்பிப் போடுவாங்கள். அந்த நேரம், எங்கடை சனத்தைத் திருப்பி அனுப்பப் போறாங்களாம் எண்ட கதை ஜெனீவாவிலை இருந்து மற்றக் கரையிலை இருக்கிற வில் எண்ட ஊர் வரைக்கும் ஒவ்வொரு நாளும் ரெலிபோனிலை ஓடும். மகள் கடிதத்திலை கப்பல் மாதிரி ஒண்டு கீறி, கீழை பிளேன் எண்டு எழுதி அனுப்புவாள். அதை லோண்ட்றிச் சுவரிலை ஒட்டி வைச்சிருந்தன். அதைப் பார்க்க எனக்கு ஆசையும் பயமும் ஒண்டாய் வரும்.

விசாரணையிலை என்ன சொல்லுறது எண்டு எனக்குக் கவலையே இருக்கேல்லை. என்னட்டை முதல்தரமான கதை இருந்தது. கேளுங்கோ. காலமை எட்டு மணி. அப்புக்காத்து ஐயாவின்ரை வீட்டு முன்னறைதான் கந்தோர். ஐயா அண்டைக்குக் கொழும்பிலை, நான் தனிய. ஆமிக்காரர் ஒழுங்கைக்குள்ளை இறங்கி, வீடு வீடாய் ஆம்பிளையளைப் பிடிச்சு லொறியிலை ஏத்திறாங்கள். ஆணியிலை ஐயாவின்ரை கறுத்தக் கோட்டுத் தொங்குது. எடுத்துப் போட்டன். ஒரு வழக்குக் கட்டைக் கக்கத்திலை வைச்சன். படலையைத் திறந்து நடு ஒழுங்கையாலை நடந்தன். துவக்கை நீட்டிக் கொண்டு நிண்ட ஒருத்தன் அதைப் பதிச்சு, “சேர்” எண்டு வழி விட்டான். அந்த வேகிற வெயிலிலை, கோட்டைக் கழட்டப் பயத்திலை, சாவகச்சேரி வரைக்கும் பஸ்ஸிலை அப்பிடியே போனனான். பக்கத்திலை இருந்தவர் தன்ரை காணி வழக்குக்கு என்னட்டை ஆலோசனை கேட்டவர். நானும் சொன்னனான்.

இந்தக் கதை எனக்கு வினையாய் முடிஞ்ச விதத்தைக் கேட்டியளெண்டால் சிரிப்பியள். நாங்கள் வந்து இறங்கின முகாமிலை என்னோடை ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தவர். அவருக்குத்தான் முதல் விசாரணை. “அண்ணை, நீங்கள் அப்புக்காத்திட்டை இருந்த ஆள், எனக்கு ஒரு கேஸ் எழுதித் தாங்கோவன்” எண்டு வந்தார். உங்கடை கதையைச் சொல்லுமன் எண்டன். “அதிலை என்ன அண்ணை இருக்கு? கடையை எரிச்சவங்கள், தம்பியைப் பிடிச்சுக் கொண்டு போனவங்கள், இன்னும் ஆள் வரேல்லை. அது எல்லாருக்கும் நடந்ததுதானே. உங்கடை கறுத்தக் கோட்டு மாதிரி ஒண்டு இருந்தால் நல்லம்.”

இப்ப நினைச்சால் எனக்கு என்னையே செருப்பாலை அடிக்க வேணும் போலை கிடக்கு. அப்ப எனக்குத் தலைக்கனம். என்ரை கதையை ஒருத்தர் ஆசைப்பட்டுக் கேட்கிறார் எண்ட சந்தோசப் புளுகத்திலை, எடுத்துக் கொள்ளும் எண்டு குடுத்தன். அப்புக்காத்தை டாக்குத்தராக்கினன், ஒழுங்கையைச் சந்தையாக்கினன், கோட்டு மட்டும் அப்பிடியே. அவரை எம்மன்புரூக்கே எண்ட ஊர்ப் பக்கம் அனுப்பினவை. அங்கை விசாரணை முடிஞ்சு ரெலிபோன் எடுத்தார்: “அண்ணை, அதிகாரி பேனையை வைச்சிட்டு வாயைப் பிளந்து கொண்டு கேட்டவர். கறுத்தக் கோட்டு வேலை செய்யுது.”

முடிஞ்சுது கதை. பேந்து ஒவ்வொரு ஞாயிறும் ஆக்கள் ரெயினேறி வரத் தொடங்கிச்சினம். கோழிக்கறி காய்ச்சிக் கொண்டு வருவினம், எனக்குக் குளிருக்குத் தொப்பி பின்னிக் கொண்டு வந்த ஆளும் உண்டு. எல்லாருக்கும் ஒரே சரக்குத்தான் வேணும். “அண்ணை, எனக்கும் அந்தக் கறுத்தக் கோட்டுக் கேஸ்.” நான் வேறை எழுதித் தாறன் எண்டாலும் விடாயினம். வில்லிலை இருந்து வந்த ஒரு மீன் வியாபாரி, அவர் வாழ்நாளிலை சேட்டே போட்டிருக்க மாட்டார், அவருக்கும் கோட்டு. கடைசியாய் எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர். தவளை தன்ரை வாயாலை கெடும் எண்டு சும்மாவே சொன்னவை? நான் பதினொரு வாயாலை கெட்டவன்.

என்ரை விசாரணை நாள் வந்தது. தலைநகர் பேர்ணிலை இருந்து வந்த அதிகாரி, நல்ல அமைதியான மனிசன். மொழிபெயர்க்க ஒரு மட்ராஸ் அம்மா, பட்டுச்சீலையும் குளிர்ச் சட்டையுமாய். நான் தொண்டையைச் செருமிக் கொண்டு தொடங்கினன். “காலமை எட்டு மணி. ஆமிக்காரர் ஒழுங்கைக்குள்ளை...” அவ்வளவுதான் சொன்னன். அந்த அம்மா மளமளவெண்டு மொழிபெயர்க்கத் தொடங்கினா. நான் வாயை மூடினாப் பிறகும் அவ நிப்பாட்டேல்லை. நான் இன்னும் படலையைத் திறக்கேல்லை, அவ பஸ்ஸிலை ஏறியிட்டா. நான் அவவைப் பார்க்க, அவ என்னைப் பார்த்து, “அப்புறம் ‘சார்’னு சொல்லி வழி விட்டான், அதானே சார்?” எண்டு கேட்டா.

அதிகாரி பேனையை மூடி வைச்சார். பக்கத்து அறைக் கதவைத் தட்டி, “கோட்டு வந்திருக்கு” எண்டார், இன்னொருத்தர் வந்து என்னை வடிவாய்ப் பார்த்திட்டுப் போனார். பிறகு அதிகாரி கேட்டார்: “உங்கடை யாழ்ப்பாணத்திலை மொத்தம் எத்தினை கறுத்தக் கோட்டு இருக்கு?” நான் சொன்னன், “சேர், இது என்ரை கோட்டு. உண்மையாய் நடந்தது எனக்குத்தான்.” அவர் சிரிக்கவும் இல்லை, கோவிக்கவும் இல்லை. “மற்றவையும் அதைத்தான் சொன்னவை” எண்டார். நம்பக் கூடிய சாட்சியம் ஏதும் இருந்தால் ஒரு மாசத்துக்குள்ளை கொண்டு வரச் சொல்லி, கடதாசியை மூடினார்.

நான் ஏரிக்கரையாலை நடந்து வந்தன். உண்மையைச் சொல்லி அகப்பட்ட முதல் கள்ளன் நானாய்த்தான் இருப்பன். சுவரிலை இருந்த பிளேன் படத்தைக் கழட்டி மடிச்சு வைச்சிட்டன், அதைப் பார்க்க ஏலேல்லை.

அண்டைக்குச் சேட்டுக் கொண்டு போகேக்கை அமெரிக்கன் அப்புக்காத்து என்ரை முகத்தைப் பார்த்து என்ன நடந்ததெண்டு கேட்டார். எல்லாத்தையும் கொட்டினன். “பதினொரு பேருக்கு ஒரு கோட்டோ!” எண்டு மனிசன் கட்டிலிலை விழுந்து சிரிச்சார், கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார், மீன் வியாபாரியைப் பற்றித் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். எனக்குப் பத்திக் கொண்டு வந்தது. “சிரியுங்கோ சேர், சிரியுங்கோ. உங்களுக்குத் தோடம்பழம் போனால் எலுமிச்சம்பழம். எனக்கு மனிசி பிள்ளை போகப் போகுது” எண்டன். டக்கெண்டு சிரிப்பை நிப்பாட்டினார். எழும்பிக் கோட்டைப் போட்டார். தெறியைப் பூட்டினார். நான் சாட்சி, அவர் அப்புக்காத்து.

“உன்ரை ஐயாவிட்டை எத்தினை கறுத்தக் கோட்டு இருந்தது?”

“ஒண்டு, சேர்.”

“அண்டைக்கு அவர் எங்கை?”

“கொழும்பிலை. வழக்குக்காய்.”

“பல்லுப் பிடுங்கப் போனாலும் நான் கோட்டோடை போறவன். வழக்குக்குப் போன அப்புக்காத்தின்ரை கோட்டு ஏன் ஆணியிலை தொங்கினது?”

பதினொரு பேருக்கு எழுதிக் குடுத்தனான். பதினொரு பேரும் கேட்கேல்லை, பேர்ண் அதிகாரியும் கேட்கேல்லை. இந்தப் பண்டி வழக்குக்காரன் மூண்டே கேள்வியிலை பிடிச்சிட்டான். அவர் விடேல்லை. “கதை குடுக்கேக்கை எதை வெட்டிப்போட்டுக் குடுத்தனி?” எண்டு கேட்டார்.

சொன்னன். ஐயா கொழும்பிலை இல்லை. வீட்டுக்குப் பின்னாலை கிணத்தடியிலை குளிச்சுக் கொண்டிருந்தவர், நீதிமன்றத்துக்கு வெளிக்கிட. வாளி தண்ணியிலை விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு குரல் வைச்சிருக்கலாம். நான் வைக்கேல்லை. அந்தக் கோட்டு ஐயாவைக் காப்பாத்த வேண்டிய கோட்டு, அதை நான் போட்டுக் கொண்டு வந்திட்டன். கோட்டில்லாமல் ஈரத் துண்டோடை நிண்டால் அப்புக்காத்து ஆர், மாடு மேய்க்கிறவன் ஆர் எண்டு ஆமிக்காரனுக்கு எப்பிடித் தெரியும்? அவரை ஏத்திக் கொண்டு போட்டாங்கள். மாசக்கணக்காய் வைச்சிருந்துதான் விட்டவங்கள். இப்ப கொழும்பிலை வெள்ளவத்தையிலை மகளோடை இருக்கிறார், மெலிஞ்சு போனார் எண்டு என்ரை மனிசி எழுதியிருந்தவ. மனிசிக்கும் நான் உண்மை சொல்லேல்லை. வெக்கம். ஒவ்வொரு நாளும் தின்னிற வெக்கம்.

அமெரிக்கன் அப்புக்காத்து பூட்டின கோட்டுத் தெறியைத் திரும்பக் கழட்டினார். பிறகு நான் கேட்காமலே ஒண்டு சொன்னார். பண்டிக்காரன் ஆளுநர் வேலைக்கு ஆள் தேடி முதல் முதல் வந்தது அவரின்ரை கூட்டாளியைக் கேட்கத்தானாம். கூட்டாளி அண்டைக்கு மீன் பிடிக்கப் போயிருந்தவர். “அவருக்கு அரசியல் விருப்பமில்லை எண்டு நான் சொல்லிப் போட்டன். நான் அவனைக் கேட்கவே இல்லை. அவன் முன்னுக்குப் போனால் எனக்குச் சப்பாத்துக் கடை மாடிதான் மிச்சம் எண்டு பயம்” எண்டார். கூட்டாளிக்கு இது தெரியுமோ எண்டு கேட்டன். “ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வாழ்த்துக் காட் போடுறான். தெரிஞ்சு போடுறானோ, தெரியாமல் போடுறானோ எண்டு வருசா வருசம் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறன்.”

அதுக்குப் பிறகு சட்டம் சொன்னார். உனக்கு நல்லது சொல்லுற சாட்சியை ஒருத்தரும் நம்பாயினம், உன்னிலை கோவமான சாட்சியைத் தேடு. அப்பிடி உலகத்திலை ஒரே ஆள்தான் இருக்கிறார், வெள்ளவத்தையிலை. எழுது.

“எனக்கு ஏலாது சேர். நீங்கள் உங்கடை கூட்டாளிக்கு எழுதுவியளோ?”

“நான் திருப்பி அனுப்பப்பட மாட்டன். நீ எழுது” எண்டார்.

ஹோட்டல் கடதாசியிலை எழுதத் தொடங்கினன். பதினாலு வருசம் கிளாக்கர், கை தன்பாட்டிலை போகுது: “மேற்படி கோட்டுச் சம்பந்தமாக தங்களின் மேலான கவனத்துக்கு...” சீ, கிழிச்சன். திருப்பியும் எழுதினன், “நான் நலம், தாங்களும் நலமாயிருக்க” எண்டு. ஆமியிட்டை விட்டிட்டு ஓடி வந்து நலம் விசாரிக்கிறனோ? அதையும் கிழிச்சன். கடைசியிலை நாலு வரி. ஐயா, நான் உங்கடை கோட்டைப் போட்டுக் கொண்டு ஓடினனான். நீங்கள் கிணத்தடியிலை நிண்டது எனக்குத் தெரியும். இஞ்சை என்னை நம்பிறாங்கள் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதித் தருவியளோ?

அந்த மாசம் நான் பட்ட பாடு நாயும் படாது. தபால்காரன் ஹோட்டல் வாசலிலை சைக்கிளைச் சாத்திற சத்தம் கேட்டால் ஸ்திரிக்கைப் பெட்டியை விட்டிட்டு மேலை ஓடுவன். அப்பிடி ரெண்டு மேசை விரிப்பு எரிஞ்சு போச்சு. தோடம்பழமும் நல்லாப் போகேல்லை. அமெரிக்கனிட்டை இருந்து ஒரு நாளைக்கு மூண்டு சேட்டு, ஒரு நாள் நாலு. ரெண்டு பேரும் வியர்த்துக் கொண்டு திரிஞ்சம்.

தவணை முடிய ஐஞ்சு நாள் இருக்கேக்கை பதிவுத் தபால் வந்தது. உள்ளை முத்திரை குத்தின சத்தியக் கடதாசி. அதோடை ஒட்டின சின்னக் கவர் ஒண்டு, மேலை ஐயாவின்ரை கையெழுத்து: “வழக்கு முடிந்த பின் பிரிக்கவும்.” சத்தியக் கடதாசியை அமெரிக்கனுக்கு முன்னாலை வாசிச்சன். இங்கிலீசிலை இருந்ததை இப்பிடித் தமிழிலை சொல்லலாம்:

“சத்தியம் செய்து கூறுவதாவது. மேற்படி நபர் என்னிடம் பதினான்கு வருடம் கிளாக்கராக இருந்தார். சோம்பேறி அல்ல. எழுத்துப் பிழை விடுபவர். மேற்படி தினம் காலை நான் என் கிணற்றடியில் நீராடிக்கொண்டிருந்த சமயம், என் அனுமதியின்றி என் கறுப்புக் கோட்டை அணிந்து அவர் வெளியேறினார். என்னிடம் இருந்தது அந்த ஒரே கோட்டு. அது அவருக்குத் தோளில் பெரிது. இதன் காரணமாக நான் சவர்க்கார நுரையுடன் கைது செய்யப்பட்டேன். மேற்படி கோட்டு இன்றுவரை திருப்பி ஒப்படைக்கப்படவில்லை.”

அமெரிக்கன் அப்புக்காத்து கடதாசியை வாங்கி ரெண்டு தரம் வாசிச்சார். “பண்டி வழக்கிலை இருந்து இண்டைக்கு வரைக்கும் இப்பிடி ஒரு சாட்சியை நான் காணேல்லை. உனக்காய் ஒரு சொல்லும் இல்லை” எண்டார், ஆசையாய்.

ரெண்டாம் விசாரணை. அதே அதிகாரி, அதே மட்ராஸ் அம்மா. கடதாசியைக் குடுத்தன். இந்த முறை கிணத்தடியிலை இருந்து தொடங்கினன். அம்மா என்ரை வாயையே பார்த்துக் கொண்டிருந்தா, நான் நிப்பாட்டினால் அவவும் நிப்பாட்டினா. அதிகாரி கேட்டார், “வாளிச் சத்தம் கேட்டும் ஏன் அவரைக் கூப்பிடேல்லை?”

“பயம்” எண்டன்.

அவர் அதை எழுதினார். பிறகு மற்றப் பதினொரு பேரையும் பற்றிக் கேட்டார். “சேர், நான் கோட்டுக்குத்தான் சாட்சி. அவையளுக்குச் சொந்தமாய்க் கதை இருக்கு, என்ரையை விடப் பெரிய கதை. தயவு செய்து திருப்பிக் கூப்பிட்டுக் கேளுங்கோ” எண்டன். அண்டைக்கு இரவே ஒவ்வொருத்தருக்கும் ரெலிபோன் எடுத்து ஏசினன், உங்கடை உங்கடை கதையைப் போய்ச் சொல்லுங்கோடா எண்டு. சைக்கிள் கடைக்காரர் தம்பியைப் பற்றி வாய் திறந்தது அதுக்குப் பிறகுதான். கதைச்சு முடிய ரெண்டு நாள் எடுத்ததாம், அதிகாரி இடையிலை எழும்பித் தண்ணி குடிச்சவராம். அவரும் தப்பினார்.

எனக்குப் பெர்மி வந்த நாள், நான் லிப்டுக்கும் நிக்காமல் படியாலை ஓடினன். மேலை அமெரிக்கன் அப்புக்காத்து பெட்டி அடுக்கிக் கொண்டிருந்தார். தோடம்பழப் பேச்சு முறிஞ்சு போச்சு, அவரைத் திருப்பிக் கூப்பிட்டிட்டினம், இனி வேறை ஒரு லோயர் வருவாராம். நான் கடதாசியை நீட்டினன். அவர் என்னைக் கட்டிப் பிடிச்சார், கஞ்சி போட்ட கொலர் என்ரை கன்னத்திலை வெட்டிச்சுது. “மகளை எப்ப கூப்பிடப் போறாய்?” எண்டார். அடுத்த மாசம் எண்டன்.

“அந்தச் சின்னக் கவர்?” எண்டு கேட்டார்.

அது என்ரை பொக்கற்றுக்குள்ளைதான் கிடந்தது. எனக்குத் திறக்க மனமில்லை. ஐயா திட்டத் தொடங்கினால் பரம்பரையை இழுத்துத்தான் முடிப்பார், அது எனக்குத் தெரியும். எண்டாலும் வழக்கு முடிஞ்சுது. பிரிச்சன். தமிழிலை, பென்சிலாலை. ஒவ்வொரு வரியாய் அவருக்கு இங்கிலீசிலை சொல்லிக் கொண்டு வந்தன்.

“தம்பி, சத்தியக் கடதாசியிலை எழுதாத ஒண்டு இருக்கு. லொறிச் சத்தம் கேட்ட உடனை நான் வாளியைக் கைவிட்டிட்டு முன்னறைக்கு ஓடி வந்தனான். உன்னைக் காப்பாத்த இல்லை. கோட்டை எடுக்க. வந்து பார்த்தால் ஆணிதான் இருந்தது. யன்னலாலை நீ போறதைக் கண்டன். நீ முந்தியிட்டாய், அவ்வளவுதான். நான் முந்தியிருந்தால், நீ அந்த அறையிலை நிக்கிறாய் எண்டதையே நினைச்சிருக்க மாட்டன். பிள்ளையைக் கெதியாய்க் கூப்பிடு.”

அமெரிக்கன் அப்புக்காத்து கையிலை ஒரு சேட்டோடை கட்டிலிலை இருந்திட்டார். இன்னொருக்கா வாசி எண்டார். என்னாலை ஏலேல்லை.